கிளப் பெண்கள் டென்னிஸ்: யாரை எந்த அணியில், எந்தக் கோர்ட்டில் போடுவது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. கிளப்பில் லீக் ஆட விரும்பும் பெண்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், மூன்று அணி போட வேண்டும், இந்த வருடம் அந்தப் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. எல்லாருடைய ரேட்டிங்கையும் வரிசையாக எழுதி மேலிருந்து பிரித்துக்கொண்டே வந்தால் போதுமா? அணிக்குள் முதல் கோர்ட்டில், அதாவது எதிரணியின் பலமானவர்கள் வழக்கமாக வரும் கோர்ட்டில், யாரை இறக்குவது? போன வருடம் பட்டியல் வெளிவந்ததும் மனக்கசப்பில் இரண்டு பேர் ஒதுங்கிவிட்டார்களாம், அது மறுபடி நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ஒருவரை ஓர் இடத்தில் வைத்தால், அது நியாயமான இடம்தான் என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி வைப்பது எப்படி?

கிளப் பெண்கள் அணிகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டே, பல சீசன்கள் அணித் தேர்விலும் உட்கார்ந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு அதிகம் தெரிந்தது இரட்டையர் ஆட்டம். கிளப் அளவில் பெண்கள் லீக் என்றால் பெரும்பாலும் அதுதான். கலப்பு இரட்டையர், ஜூனியர் அணிகள் பற்றி நான் சொல்வது பொருந்தாமல் போகலாம். விதிகள் லீக்குக்கு லீக் மாறும், ஆகவே விதி வரும் இடத்தில் எல்லாம் உங்கள் லீக்கின் விதிப் புத்தகம் சொல்வதுதான் முடிவு.

ஒருவருக்குச் சரியான அணி எது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இரண்டு. அந்த அணியில் அவருக்கு நிஜமாகவே ஆட வாய்ப்பு வர வேண்டும். வாய்ப்பு வந்தால் ஆட்டம் இழுபறியாகப் போக வேண்டும். பெயருக்கு மேல் அணியில் இருந்துகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் சரியான இடத்தில் இல்லை, கீழ் அணியில் வாரா வாரம் 6-1, 6-1 என்று ஜெயிப்பவரும் சரியான இடத்தில் இல்லை.

அதனால் திறமையை அளப்பதற்கு முன்னால் நாட்களை எண்ணுங்கள். 2 ஒற்றையர், 3 இரட்டையர் என்ற அமைப்பில் ஒரு போட்டிக்கு 8 பேர் தேவை. சீசனில் 10 போட்டி என்றால் மொத்தம் 80 இடம். அணியில் 10 பேர் இருந்தால் ஆளுக்கு 8 போட்டி, 12 பேர் என்றால் ஆறோ ஏழோ, 16 பேரைச் சேர்த்தால் ஆளுக்கு 5 தான். யாரையும் விட மனமில்லாமல் 16 பேரைச் சேர்க்கும் கேப்டன், எல்லாரையும் பாதி சீசன் உட்கார வைக்கிறார். மூன்று இரட்டையர் மட்டும் ஆடும் லீக்கில் 6 இடத்துக்கு 9 பேர் போதும். வேலை, குழந்தைகள், வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்வது என்று பலருக்கும் நேரம் அவர்கள் கையில் இல்லை. இதைத் தயங்காமல் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். எந்தத் தேதிகளில் நிச்சயம் வர முடியாது, சீசனில் எத்தனை போட்டி ஆட ஆசை, ஒற்றையர் ஆடச் சம்மதமா, இரட்டையரில் எந்தப் பக்கம் பழக்கம், காயம் ஏதாவது உண்டா. இந்த ஐந்து கேள்வி போதும். யாரோடு ஆடப் பிடிக்காது என்பதை மட்டும் எழுத்தில் கேட்காதீர்கள். அது எப்படியோ உரியவர் காதுக்குப் போய்விடும். நேரில் பேசும்போது தானாக வரும்.

இந்தப் படிவங்கள் வந்ததும் இன்னொன்று தெரியவரும். ஒற்றையர் ஆடத் தயாராக இருப்பவர்கள் மிகக் குறைவாக இருப்பார்கள். இரண்டு ஒற்றையர் இடத்துக்கு மூன்று நான்கு பேராவது கையில் இல்லையென்றால் சீசன் நடுவில் திண்டாட வேண்டிவரும். அதனால் அணி பிரிக்கும்போது ஒற்றையர் ஆடுபவர்களை முதலில் மூன்று அணிக்கும் பங்கிட்டுவிட்டு, அப்புறம் இரட்டையருக்கு வாருங்கள். இரட்டையரில் நடுத்தரமாக ஆடும் ஒருவர், ஓடவும் பொறுமையாகப் பந்தைத் திருப்பவும் தெரிந்தவர் என்றால், ஒற்றையரில் ஒரு படி மேல் அணியிலேயே தாக்குப்பிடிப்பார்.

சரி, ரேட்டிங்குக்கு வருவோம். அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் என்டிஆர்பி என்ற ரேட்டிங் 7.0 வரை அரை அரைப் புள்ளியாக ஏறும். கணினிக்குள் அது நூறில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படுகிறது, வெளியே தெரிவது அரைப்புள்ளி மட்டும். ஆகவே 3.5 என்று எழுதியிருக்கும் இரண்டு பேரில் ஒருவர் 3.05-லும் மற்றவர் 3.48-லும் இருக்கலாம். காகிதத்தில் சமம், கோர்ட்டில் ஒரே பக்கமாகப் போகும் ஆட்டம். அதோடு ஒற்றையர், இரட்டையர் இரண்டுக்கும் அங்கே ஒரே எண்தான். யுடிஆர் (யுனிவர்சல் டென்னிஸ் ரேட்டிங்) 1-லிருந்து 16.50 வரை ஓடும், கடைசி 12 மாதங்களில் அதிகபட்சம் 30 ஆட்டங்களை எடுத்துக்கொண்டு, எதிராளியின் பலத்தையும் எத்தனை கேம் எடுத்தோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்தின் உலக டென்னிஸ் எண் தலைகீழ் வரிசை. புதியவர்கள் 40, உச்சியில் 1. இந்த இரண்டிலும் ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் தனித்தனி எண் உண்டு. அணி பிரிக்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இரட்டையர் எண்ணை.

இந்த எண்களை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது? இரண்டு பேருக்குள் இடைவெளி பெரியதாக இருந்தால் நம்பலாம், அநேகமாக அது உண்மையான இடைவெளி. இடைவெளி சிறியதாக இருந்தால் அந்த வித்தியாசத்தை வைத்து யாரையும் மேலே கீழே போடாதீர்கள். இரட்டையரில் முடிவு ஜோடிக்குச் சொந்தம், அதை இருவருக்கும் பிரித்துக் கொடுப்பது ஓர் ஊகம்தான். எப்போதும் பலமான ஒரே பார்ட்னரோடு ஆடியவரின் எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும், அவர் நன்றாக ஆடுபவராகவே இருந்தாலும். புதிதாகச் சேர்ந்து தனக்குத் தானே ரேட்டிங் போட்டுக்கொண்டவர்கள், பிரசவத்துக்கோ காயத்துக்கோ பிறகு நீண்ட இடைவெளி விட்டுத் திரும்பியவர்கள், ஆண்டுக்கு இரண்டு மூன்று ஆட்டமே ஆடுபவர்கள் விஷயத்தில் எண் ஒரு தொடக்கக் குறிப்பு, அவ்வளவுதான். ஆக, ரேட்டிங் வரிசையை வைத்து அப்படியே பிரிக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: மேலே நான்கைந்து பேருக்கும் கீழே நான்கைந்து பேருக்கும் சரிவரும். நடுவில் இருக்கும் இருபது பேருக்கு வராது. சண்டை வருவதும் அந்த இருபது பேருக்குள்தான்.

நடுவில் இருப்பவர்களுக்கு ஒருநாள் தேர்வு ஆட்டம் வைப்பது எனக்குப் பிடிக்காது. அன்றைக்குக் காற்று, தூக்கமின்மை, கூட வந்த பார்ட்னர் என்று எல்லாம் சேர்ந்து ஒருவரின் முழு சீசனையும் தீர்மானித்துவிடும். அதற்குப் பதில் பார்ட்னரை மாற்றி மாற்றி ஆடும் சுற்றுகளைச் சில வாரங்களுக்கு வையுங்கள். நான்கு பேரை ஒரு கோர்ட்டில் விட்டால் மூன்று விதமாகத்தான் ஜோடி சேர முடியும். ஒவ்வொரு ஜோடிக்கும் 8 கேம் வைத்து மூன்றையும் ஆடிவிட்டால் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆடியிருப்பார்கள், பார்ட்னர் நல்லவரா சுமாரா என்ற விஷயம் பெரும்பாலும் அடிபட்டுவிடும். எட்டுப் பேரை இரண்டு கோர்ட்டில் 7 சுற்று சுழற்றினால், ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் ஒரு முறை ஜோடி சேர்ந்து, ஒவ்வொருவரையும் இரண்டு முறை எதிர்த்து ஆடும்படி அட்டவணை போடலாம். செட் யார் ஜெயித்தது என்பதை விட்டுவிட்டு, ஒவ்வொருவர் கணக்கிலும் எத்தனை கேம் வந்தது என்று மட்டும் எழுதுங்கள். எழுதிய தாளை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுங்கள். பல வாரக் கணக்கு கண் முன்னால் இருக்கும்போது, தனக்குப் பிடித்தவரைப் போட்டுவிட்டாள் என்று சொல்வது கஷ்டம்.

எண்ணோடு கண்ணும் வேண்டும். பயிற்சியில் அழகாக ஃபோர்ஹேண்ட் அடிப்பவரைப் பார்த்து மயங்குவது எல்லாருக்கும் நடப்பது. கிளப் இரட்டையரில் ஆட்டத்தை முடிவு செய்வது வேறு. 30-30-ல் முதல் சர்வீஸ் தவறினால் இரண்டாவது சர்வீஸ் உள்ளே விழுகிறதா? நெட்டில் நிற்பவரைத் தாண்டி குறுக்காக ரிட்டர்ன் போகிறதா? தலைக்கு மேல் லாப் வந்தால் யார் ஓடுவது என்று பார்ட்னரோடு ஒரு சொல்லாவது பேசுகிறாரா? 1-4 என்று பின்தங்கியபோது பார்ட்னரை முறைக்கிறாரா, அல்லது அருகில் போய் ஏதாவது திட்டம் சொல்கிறாரா? இந்தப் பட்டியல் ஆராய்ச்சி முடிவு அல்ல, என் கண்ணால் பார்த்துச் சேர்த்தது. ஆனால் மேல் அணியில் நிலைப்பவர்களையும் திணறுபவர்களையும் பிரிப்பது பெரும்பாலும் இவைதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

எல்லைக்கோட்டில் இருப்பவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேல் அணியின் கடைசி ஆளா, கீழ் அணியின் முதல் ஆளா என்ற கேள்வியில்தான் நட்புகள் முறிகின்றன. இங்கே நான் பார்ப்பது கேம் விகிதம். 4-6, 4-6 என்று தோற்றவர் 20 கேமில் 8 எடுத்திருக்கிறார், அது 40 சதவீதம். 3-6, 3-6 என்றால் மூன்றில் ஒரு பங்கு. 1-6, 2-6 என்றால் 20 சதவீதம். 40-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பவர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார், தோற்றுக்கொண்டே இருந்தாலும் சரி. தொடர்ந்து மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அவருக்கு அந்த அணி பாரம், மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் மேலே அனுப்ப வேண்டும். இந்த எல்லைகள் நானாக வைத்துக்கொண்டவை, கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தலாம். எல்லைக்கோட்டில் இரண்டு பேர் எண்ணில் சமமாக வந்தால், ஒவ்வொருவருக்கும் எந்த அணியில் அதிகப் போட்டி கிடைக்கும் என்று பாருங்கள். பலருக்கு அது கீழ் அணியாக இருக்கும். அங்கே அவர் முதல் கோர்ட்டில் வாரா வாரம் ஆடுவார், மேலே இருந்தால் யாராவது வராத நாளுக்காகக் காத்திருப்பார். ஆட்டம் வளர்வது ஆடினால்தான். ஒரு எச்சரிக்கை: கீழ் அணியில் பதிவானவர் மேல் அணிக்கு எத்தனை தடவை உதவிக்குப் போகலாம் என்று பல லீக்குகளில் வரம்பு உண்டு, தாண்டினால் மறுபடி கீழே ஆட முடியாது. சீசன் தொடங்கும் முன்னரே இதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அணி முடிந்தால் ஜோடி. எட்டுப் பேரை நான்கு ஜோடியாக 105 விதத்தில் பிரிக்கலாம், ஆறு பேரை மூன்று ஜோடியாக 15 விதத்தில். எல்லாவற்றையும் முயல நேரம் கிடையாது, அந்தச் சுற்று ஆட்டங்களில் சேர்த்த குறிப்பு இங்கேதான் கைகொடுக்கும். அடித்து முடிக்கும் இருவரைச் சேர்ப்பதை விட, ஒருவர் பந்தை உயிரோடு வைத்திருக்க மற்றவர் நெட்டில் முடிக்கும் ஜோடி கிளப் அளவில் அதிகம் ஜெயிப்பதைப் பார்த்திருக்கிறேன். நெருங்கிய தோழிகள் சேர்ந்து ஆடுவதைத் தடுக்காதீர்கள், அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது பார்ட்னர் ஒருவரைச் சீசன் ஆரம்பத்திலேயே பழக்கிவிடுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒருவர் ஊருக்குப் போனால் இரண்டு பேரை இழப்பீர்கள்.

பக்கம் பற்றிய ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை, அது வெறும் எண்ணிக்கை. 40-0, 40-30, 30-40, அட்வான்டேஜ் (40-40-க்குப் பிறகு ஒரு புள்ளி முன்னிலை) எல்லாம் ஆட் பக்கத்தில், அதாவது ரிட்டர்ன் செய்பவர்களின் இடது பாதியில்தான் விழும். 40-15, 15-40 மட்டும் டியூஸ் பக்கத்தில், அதாவது வலது பாதியில். கேம் முடியும் புள்ளிகளில் பெரும்பகுதியை எதிர்கொள்பவர் ஆட் பக்கத்தில் நிற்பவர் என்று அர்த்தம். அதனால் பதற்றத்திலும் ரிட்டர்னை உள்ளே போடுபவரை அங்கே நிறுத்துவேன், அவர் ஜோடியில் பலம் குறைந்தவராக இருந்தாலும். அட்வான்டேஜ் இல்லாமல், 40-40-ல் அடுத்த ஒரு புள்ளியே கேமை முடிக்கும் முறையில் ஆடும் லீக்கில் இந்தக் கணக்கு மாறும். அந்த 40-40-ல் (டியூஸ்) எந்தப் பக்கம் வாங்குவது என்பதை ரிட்டர்ன் செய்யும் ஜோடியே தேர்ந்தெடுக்கிறது. இன்னொன்று, ரிட்டர்ன் பக்கத்தையும் சர்வீஸ் வரிசையையும் ஒரு செட்டின் நடுவில் மாற்றக்கூடாது, அடுத்த செட் தொடக்கத்தில் மாற்றலாம். முதல் செட்டை இழந்த பல ஜோடிகள் இந்த உரிமை இருப்பதையே மறந்துவிடுகின்றன.

இப்போது முதல் கோர்ட் யாருக்கு என்ற கேள்வி. பலத்தின் வரிசைப்படிதான் இறக்க வேண்டும் என்பது சில இடங்களில் கட்டாயம். அமெரிக்கக் கல்லூரி டென்னிஸில் அப்படி, பெண்கள் தேசிய அணிகளுக்கான பில்லி ஜீன் கிங் கோப்பையிலும் ஒற்றையர் வரிசை தரவரிசையைப் பின்பற்றித்தான். சில கிளப் லீக்குகளில் கேப்டன் இஷ்டம். அப்படி இருக்கும்போது பலவீனமான ஜோடியை முதல் கோர்ட்டில் பலி கொடுத்துவிட்டு மற்ற இரண்டைப் பிடிக்கும் யோசனை எல்லாருக்கும் வரும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று கோர்ட்டில் ஒவ்வொன்றிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்தால், குறைந்தது இரண்டு கோர்ட் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம். ஒரு கோர்ட்டை 20-க்கு இறக்கி மற்ற இரண்டை 75-க்கு ஏற்றினால் வருவது சுமார் 64. இவ்வளவு தந்திரம் செய்தும் ஒன்றும் கூடவில்லை. 80-க்கு ஏற்ற முடிந்தால் 70 ஆகும், கொஞ்சம் லாபம். இந்த எண்கள் நான் எடுத்துக்கொண்ட உதாரணம், உங்கள் அணிக்கு வேறாக இருக்கும், முதல் கோர்ட்டுக்கு அதிகப் புள்ளி தரும் லீக்கில் இன்னும் வேறாக இருக்கும். ஆனால் அந்தச் சின்ன லாபத்துக்காக வாரா வாரம் 0-6, 1-6 என்று தோற்று வரும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். தங்களை எதற்காக அங்கே நிறுத்தினார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வழக்கமாக இதைச் செய்யாதீர்கள். ஏறக்குறைய சமமான இரண்டாவது, மூன்றாவது ஜோடிகளை இடம் மாற்றிப் போடுவது வேறு, அதில் தவறே இல்லை.

மனக்கசப்பு பற்றிக் கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அது இடத்தால் வருவதில்லை, தெரியவந்த விதத்தால் வருகிறது. எந்த அடிப்படையில் பிரிக்கப்போகிறோம் என்பதை, பெயர்கள் எழுதுவதற்கு முன்பே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். முடிவை மூன்று பேர் சேர்ந்து எடுங்கள், தன் இடத்தைப் பற்றிப் பேசும்போது அந்த உறுப்பினர் எழுந்து போய்விட வேண்டும். கேப்டன் நன்றாக ஆடுபவராகவே இருக்க வேண்டியதில்லை, நேரத்துக்கு எல்லாருக்கும் தகவல் சொல்பவராக இருந்தால் போதும். போன வருடத்தை விடக் கீழே போகிறவர்களிடம் பட்டியல் வெளிவருவதற்கு முன்னால் நேரிலோ போனிலோ ஒருவர் பேசிவிட வேண்டும். பேசும்போது இன்னொருவர் பெயரை ஒப்பிட்டு இழுக்கவே கூடாது. இந்த அணியில் உங்களுக்கு இத்தனை போட்டி வரும், இந்தக் கோர்ட்டில் ஆடுவீர்கள், இரண்டாவது சர்வீஸ் நிலைப்பட்டால் மேலே போகும் வாய்ப்பு இருக்கிறது, இந்தத் தேதியில் மறுபடி பார்ப்போம். இவ்வளவும் சொன்னால் போதும், மீதி நேரம் அவர் பேசுவதைக் கேளுங்கள். கோபப்பட்டால் படட்டும், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் பதில் வாதம் வேண்டாம். எப்படிச் சொன்னாலும் ஏற்காதவர் ஓரிருவர் இருப்பார்கள், அதற்கு என்னிடம் வழி இல்லை.

மறுபடி பார்ப்போம் என்று சொன்ன தேதியைக் காப்பாற்றுங்கள். லீக் விதி இடம் கொடுத்தால் சீசனின் பாதியில் ஒரு முறை கேம் விகிதங்களை எடுத்து வைத்து, அந்த மூன்று பேரும் உட்கார்ந்து, நகர வேண்டியவர்களை நகர்த்துங்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு திரும்பியவர்களுக்குப் பாதி சீசன் வரை காத்திருக்க வேண்டாம், மூன்று போட்டி முடிந்ததும் பார்த்துவிடலாம். பழைய ஆட்டம் சிலருக்கு வேகமாகத் திரும்பிவிடும். விதி நடுவில் மாற்ற அனுமதிக்காவிட்டால், அதை முதல் பேச்சிலேயே சொல்லி, அடுத்த சீசன் தேர்வுத் தேதியைக் கொடுத்துவிடுங்கள்.